உடைபடப் போகும் பழைய காரில் எதை முதலில் கழற்றுவது?

கேள்வி: என்னிடம் உள்ள பழைய காரின் அதே மாடல் ஒன்று காயலான் கடையில் உடைபடக் காத்திருக்கிறது. வேண்டியதைக் கழற்றிக்கொள்ள ஒரு நாள் தந்திருக்கிறார்கள். எஞ்சினை எடுத்து வந்துவிடலாமா?

பதில்: ஒரே நாள்தான் என்றால் எஞ்சினில் கை வைக்காதீர்கள். அதை இறக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். புஷ், பின் போன்ற சிறு உலோகச் சாமான்களை லேத்தில் கடைந்துகொள்ளலாம்; பேரிங்கை அளவு பார்த்து வாங்கலாம். விளக்கு லென்ஸ், கதவுக் கைப்பிடி, பூட்டு, கண்ணாடி ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர், மீட்டர், எம்ப்ளம் ஆகியவை அப்படியல்ல. வார்ப்பு அச்சு இல்லாமல் அவற்றைச் செய்ய முடியாது. அவைதான் முதலில்.

போனதும் பேட்டரி இணைப்பை எடுங்கள். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கெல்லாம் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விட்டுவிட்டுக் கண்ணாடிப் பக்கம் போங்கள். பிறகு ஸ்பேனர் போடும்போது முதலில் இம்மியளவு இறுக்கி, அதன்பின் தளர்த்துங்கள், துருப்பிடிப்பு விட்டுக்கொடுக்கும். எடுத்த எடுப்பில் பலங்கொண்ட மட்டும் திருப்பினால் தலை முறிந்து கையில் வரும்.

பலர் கோட்டை விடுவது முன்கண்ணாடியில்தான். கண்ணாடியைச் சுற்றிக் காய்ந்து இறுகிய ரப்பர் பட்டையான பீடிங்கைக் காப்பாற்றப் போய்க் கண்ணாடியை விரிசல் விடச் செய்துவிடுவார்கள். பீடிங்கின் வெளி உதட்டைப் பிளேடால் முழுச் சுற்றும் அறுத்துவிட்டு, உள்ளிருந்து ஒருவர் மெல்லத் தள்ள, வெளியே இன்னொருவர் தாங்க வேண்டும். அறுத்ததில் 15 செ.மீ. துண்டு ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். அதன் வெட்டுமுகத்தைப் பார்த்துப் புதிதாக வார்க்க முடியும். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் சூடேற்றிக் கடினமாக்கிய டஃபன்டு வகை. விளிம்பில் ஸ்க்ரூடிரைவர் பட்டால் மொத்தமும் பொடியாகும்.

வயரைக் கனெக்டரை ஒட்டி வெட்டாமல் 15 செ.மீ. வால் விடுங்கள். ஸ்க்ரூக்களை அதனதன் துளையிலேயே திருப்பி மாட்டிவிடுங்கள், அதைவிட நல்ல டப்பா கிடையாது. நேரம் மிஞ்சினால் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர். சக்கரங்களுக்கு விசை தரும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலை எடுத்தால், அதோடு பொருந்திச் சுழலும் சிறிய பல்சக்கரமான பினியனோடு எடுங்கள். ஜோடி மாறினால் ஊளையிடும்.

மூன்று எச்சரிக்கைகள். காலி பெட்ரோல் டேங்க் அருகே நெருப்போ கிரைண்டரோ கூடாது, உள்ளே தேங்கிய ஆவி வெடிக்கும். பழைய பிரேக் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சேஸிஸ் எண் தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் பொருத்தாதீர்கள், சட்டச் சிக்கலில் மாட்டுவீர்கள்.

இரும்புச் சாமான்களின் துருவுக்கு ஆசிட்டைவிட, நீரில் மின்சாரம் பாய்ச்சித் துரு நீக்கும் மின்பகுப்பு நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவைச் சாமானிலும் பாசிட்டிவை வேண்டாத இரும்புத் துண்டிலும் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் சாமானே கரையும். அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது, நச்சுக் குரோமியம் நீரில் இறங்கும். ஹைட்ரஜன் வரும் என்பதால் திறந்தவெளியில் செய்யுங்கள். ஸ்பிரிங்கை இதில் போட்டால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். அலுமினியம், துத்தநாக வார்ப்புகள் அரிக்கப்படும். எடுத்தவுடன் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசாவிட்டால் சற்று நேரத்திலேயே மறுபடி துரு பூக்கும்.

கண்ணாடிகளை இடையில் துணி வைத்து நிமிர்த்தி அடுக்குங்கள், படுக்க வைக்க வேண்டாம். எது எந்தச் சாமான் என்று எழுதிக் கட்டும் காகிதச் சீட்டு எண்ணெயில் ஊறிப்போகும். அதற்குப் பதில் அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறிக் கட்டுங்கள். இடது, வலது என்று குறிப்பது எப்போதும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னே பார்க்கும் கணக்கில்தான்.