எல்லை தாண்டும் படங்கள்: வாசகர் கேள்வி - பதில்

நாட்டெல்லையைக் கடக்கும் கதைகளில் திரையில் தெரியும் நிலத்தையும் கடலையும் எவ்வளவு நம்பலாம்? குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஒரு குறும்படத்தில் இரவு ஒன்பது மணிக்கு எங்கள் ஊர்க் கரையிலிருந்து வள்ளம் இறக்குகிறார்கள். விடிவதற்குள் இலங்கை மண்ணில் கால் வைத்துவிடுகிறார்கள். நடக்கிற காரியமா? (குளச்சல் வாசகர்)

நடக்காது. குளச்சலுக்குக் கிழக்கே இலங்கையின் பக்கத்துக் கரை என்றால் கற்பிட்டி. அதுவே ஏறத்தாழ 275 கிலோமீட்டர், அதாவது 150 கடல் மைல். 9.9 குதிரைத்திறன் எஞ்சின் மாட்டிய பைபர் வள்ளம் ஆளும் சாமானுமாக மணிக்கு 8 கடல் மைல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடல் தணிந்து கிடந்தாலும் 19 மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்குப் புறப்பட்டவர்கள் மறுநாள் மாலை நான்கு மணிக்குத்தான் கரை காண்பார்கள். 1976 ஒப்பந்தப்படி வகுத்த மன்னார் வளைகுடா எல்லைக்கோடு இந்த வழியில் பாதிக்கும் அப்பால் இருக்கிறது. வள்ளம் அதைத் தொடும்போது நன்றாக விடிந்திருக்கும். இருட்டில் பதுங்கி எல்லை தாண்டுவதுதான் கதையின் உயிர் என்றால், அந்த உயிர் இங்கேயே போய்விட்டது.

எண்ணெய்க் கணக்கும் இருக்கிறது. மணிக்கு 4 லிட்டர் என்று வைத்தாலும் போவதற்கு மட்டும் 76 லிட்டர், திரும்பி வர இன்னொரு 76. வள்ளத்தில் நான்கைந்து கேன்களாவது நெருக்கிக் கிடக்க வேண்டும். படத்தில் ஒரு கேனும் கண்ணில் படவில்லை என்றால் கடற்கரைக்காரர்கள் அப்போதே சிரித்துவிடுவார்கள்.

கதையைக் காப்பாற்ற இரண்டு வழி உண்டு. புறப்படும் இடத்தை இராமேசுவரம் பக்கம் மாற்றலாம். இல்லையென்றால், தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் விசைப்படகுகளைப் போல நாள்கணக்கில் கடலில் கிடக்கும் பெரிய படகில் ஆளை ஏற்றி, பயணத்தை இரண்டு இரவாக நீட்டலாம். அப்போது மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையான குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்தில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்குக் கரைக் கணக்கில் சேரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் என்பது வெளியூர் இயக்குநர்களுக்குத் தெரிவதில்லை. மே மாதம் சின்னமுட்டத்திலிருந்து விசைப்படகு தொழிலுக்குப் போவதாகக் காட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று, அக்கரை கண்ணுக்குத் தெரியும் காட்சி. தாழ்ந்த வள்ளத்தில் நிற்பவரின் கண் நீர்மட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால், அடிவானம் ஐந்து கிலோமீட்டரில் முடிந்துவிடும். முப்பது மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம்கூட 25 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் தலை காட்டும். மன்னாரும் கற்பிட்டியும் தட்டையான மண். அங்கே மலைத்தொடர் எழும்புவதாகக் காட்டியவர், ஊர் திரும்பும் வழியில் மருந்துவாழ்மலையைப் படம் பிடித்திருப்பார்!

1990 வாக்கில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு அகதிகள் வரும் கதை. இராமேசுவரம் போக வசதியில்லை, முட்டத்தில் எடுக்கலாமா? (குழித்துறை, குறும்பட இயக்குநர்)

எடுக்கலாம். ஆனால் முட்டத்தின் அழகே உங்களுக்கு எதிரி. அங்கே பாறை, உயர்ந்த கரை, அடர்ந்த தென்னை, ஓங்கி அடிக்கும் அலை. தனுஷ்கோடியில் பாறையே கிடையாது. மணல், சீமைக்கருவேல், 1964 டிசம்பர் புயலில் இடிந்த சுவர்கள், அவ்வளவுதான். இராமேசுவரத்தார் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். முட்டத்து அலையில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் சத்தமில்லாமல் இறங்குவதாகக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பாறையை விட்டுவிட்டு மணக்குடிப் பொழிமுகத்து (ஆறு கடலில் சேரும் இடம்) மணல்மேட்டுக்குப் போங்கள். கேமராவை இடுப்பளவுக்குத் தாழ்த்தி, நீண்ட லென்ஸ் போட்டு, கடலையும் மணலையும் மட்டும் சட்டத்தில் வையுங்கள். தென்னையும் தேவாலயக் கோபுரமும் பின்னால் வந்துவிடக் கூடாது.

சூரியன்தான் பெரிய சிக்கல். தலைமன்னாரிலிருந்து வருபவர்கள் மேற்கு நோக்கி, சற்று வடக்கே சாய்ந்து வருகிறார்கள். ஆகவே விடியும்போது சூரியன் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், கடலில் எழும். முட்டமும் மணக்குடியும் தெற்கையும் தென்மேற்கையும் பார்த்த கரைகள், அதிகாலைச் சூரியன் நிலத்தின் பக்கமாகவே எழும். முட்டத்தில் இதற்கு எளிய வழி, மாலையில் எடுத்து விடியல் என்று காட்டுவது. தாழ்ந்த சூரியன் படகுக்குப் பின்னால் கடல்மேல் இருக்கும், கிழக்கா மேற்கா என்று படச்சுருள் சொல்லாது. ஆனால் மாலையில் சூரியன் தாழ்ந்துகொண்டே போகும். ஆகவே ஒரே ஷாட்டை நீளமாக ஓடவிடாதீர்கள். உண்மையான விடியலே வேண்டுமென்றால் வட்டக்கோட்டைப் பக்கம் கிழக்குக் கரைக்குப் போங்கள்.

திரைக்கதைக்கு ஒரு குறிப்பு. இரு கரைக்கும் இடையே 30 கிலோமீட்டர்தான். நடுவில் ஆதம் பாலத்தின் மணல்திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. படகோட்டிகள் பலர் ஆட்களை இந்தியப் பக்கத்துத் திட்டு ஒன்றில் இறக்கிவிட்டு, இதுதான் தனுஷ்கோடி என்று சொல்லித் திரும்பிவிடுவதுண்டு. விடிந்த பிறகுதான் சுற்றிலும் தண்ணீர் என்று தெரியும். குடிநீர் கிடையாது, நிழல் கிடையாது. துப்பாக்கிச் சூட்டைவிட இதில் பயம் அதிகம், செலவும் இல்லை. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-இல்தான் வந்தது. 1990 கதையில் அது தெரியக் கூடாது. சட்டத்தில் இந்தியப் படகு வந்தால் அதன் பதிவு எண்ணையும் பாருங்கள். நம் மாவட்டப் படகில் ‘டி.என். 15’ என்றிருக்கும், இராமநாதபுரத்துக்கு ‘டி.என். 10’. இந்த எண்முறையே 1990-க்குப் பிந்தியது, ஆகவே பழைய கதையில் அழித்துவிடுவதே நல்லது.

‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தின் முடிவில் பூகோளப் பிழை இருக்கிறது என்கிறார்களே? (தக்கலை, பள்ளி ஆசிரியை)

உண்மைதான். 1965-இல் வந்த அந்தப் படத்தில் டிராப் குடும்பம் இட்லரின் ஆட்சிக்கு அஞ்சி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கிலிருந்து மலையேறி சுவிட்சர்லாந்துக்குத் தப்புகிறது. சால்ஸ்பர்கிலிருந்து சுவிஸ் எல்லை நேர்கோட்டில் 200 கிலோமீட்டருக்கும் மேல். நாகர்கோவிலிலிருந்து குழந்தைகளை நடத்தியே மதுரையைத் தாண்டுவதற்குச் சமம், அதுவும் ஆல்ப்ஸ் மலை வழியாக. சால்ஸ்பர்கை ஒட்டிய மலையைத் தாண்டினால் ஜெர்மனிதான் வரும். இட்லரின் மலை மாளிகை இருந்த பெர்க்டெஸ்காடன் அந்தப் பக்கம்தான். உண்மையான டிராப் குடும்பம் 1938-இல் ரயிலேறி இத்தாலிக்குப் போனது.

சென்னைத் தெருவை மதுரை என்று காட்டுவதைப் பார்வையாளர் மன்னித்துவிடுவார், அது வெறும் இடமாற்று. தப்பிக்கும் கதையில் அபாயம் எந்தப் பக்கம், அடைக்கலம் எந்தப் பக்கம் என்பதே கதை. அங்கே திசை தவறினால் ஆளை எதிரியின் வாசலுக்கே அனுப்பியதாகிவிடும்.

எங்கள் ஊர்ச் செம்மண் தேரியில் ராஜஸ்தான் எல்லைக் காட்சியை எடுக்கிறார்கள். பொருந்துமா? (மணவாளக்குறிச்சி வாசகர்)

நிறத்திலேயே இடறும். தேரி மணல் இரும்புத் துரு ஏறிய சிவப்பு, தார்ப் பாலை மணல் வெளிறிய மஞ்சள். அதைக் கணினியில் மாற்றிவிடலாம். ஓரத்தில் நிற்கும் பனையைச் சட்டத்துக்கு வெளியே தள்ளலாம். நிழலை மாற்றுவதுதான் கடினம்.

குமரி இருப்பது 8 பாகை வடக்கில். ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை உச்சிப்பொழுதில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ஜெய்சல்மேர் 27 பாகை வடக்கில், அங்கே உச்சி நிழல் ஆண்டு முழுவதும் வடக்கேதான். மே மாதம் இங்கே எடுத்த நண்பகல் காட்சியில், மேற்கே பாகிஸ்தானை நோக்கி நடக்கும் நாயகனின் நிழல் வலப்பக்கம் விழுவதற்குப் பதில் இடப்பக்கம் விழும். டிசம்பரில் எடுங்கள். அப்போது இங்கே உச்சிச் சூரியன் 58 பாகை உயரத்தில், தெற்கே இருக்கும். ஜெய்சல்மேரில் மார்ச் முதல் பாதியில் கிடைக்கும் உயரமும் அதுவே. கதையை மார்ச்சில் நடப்பதாக வைத்துக்கொண்டால் நிழல் சரியாக அமையும்.

இரவுக் காட்சியில் துருவ நட்சத்திரம் காட்டுவதாக இருந்தால், ஓர் இடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை உயரத்தில்தான் அது நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஜெய்சல்மேரில் மூன்று முஷ்டிக்குச் சற்றுக் குறைவு, நம் ஊரில் ஒரு முஷ்டிகூட இல்லை, பெரும்பாலும் மூடலில் மறைந்துவிடும். மன்னார்க் கடலில் நாயகன் தலையை அண்ணாந்து துருவ நட்சத்திரம் தேடினால் கழுத்து வலிப்பதுதான் மிச்சம்.

களியக்காவிளை செக்போஸ்ட்டைச் சற்றே மாற்றி இந்திய எல்லைச் சாவடி ஆக்கிவிட்டார்கள். என்ன குறை? (களியக்காவிளை வாசகர்)

மாநில எல்லையில் கடைகள் கோட்டை ஒட்டியே இருக்கும், பேருந்து நின்று கிளம்பும். நாட்டெல்லையில் குடிவரவு, சுங்கம், பிறகு வெற்றுநிலம், எல்லைத் தூண்கள் என்று வரிசை உண்டு. வேலி எல்லைக்கோட்டின் மேலேயே இராது. வங்கதேசத்தோடு 1975-இல் செய்த ஏற்பாட்டின்படி கோட்டிலிருந்து 150 கெஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் கூடாது. அதனால் வேலிக்கு அப்பாலும் இந்திய வயல்கள் உண்டு, உழவர்கள் வாயில் திறக்கும் நேரம் பார்த்துப் போய்வருகிறார்கள். நாயகன் வேலியைத் தாண்டியதும் வெளிநாடு என்று காட்டுவது தவறு, இன்னும் ஓடவேண்டும்.

சீருடையில்தான் அதிகம் தவறுகிறார்கள். பாகிஸ்தான், வங்கதேச எல்லைகளில் எல்லைப் பாதுகாப்புப் படை. நேபாளம், பூடானில் சசஸ்த்ர சீமா பல். சீனப் பக்கம் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை. மியான்மரில் அசாம் ரைபிள்ஸ். காஷ்மீரின் கட்டுப்பாட்டுக் கோடு ராணுவத்தின் பொறுப்பு. அதைச் சர்வதேச எல்லை என்று வசனத்தில் சொல்லக்கூடாது.

1942-இல் பர்மாவிலிருந்து தமிழர்கள் நடந்து வந்த கதைக்கு எங்கள் ரப்பர் தோட்டத்தைக் கேட்கிறார்கள். (குலசேகரம் வாசகர்)

வாடகை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் தோட்டத்தின் நடுவில் எடுக்க விடாதீர்கள். ரப்பர் நேர்வரிசையில் நிற்கும், பட்டையில் சாய்ந்த வெட்டும் சிரட்டையும் தெரியும். காலேவா, தமு, பலேல் வழியாக இம்பாலுக்கு வந்த பாதை தேக்கும் மூங்கிலும் நிறைந்த காடு. பேச்சிப்பாறைக்கு மேலே காட்டோரத்தில் மூங்கில் இருக்கும் இடம் பொருந்தும், வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். ஜனவரி வாக்கில் ரப்பர் இலை உதிர்க்கும், பின்னணியில் வந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். நடை நடந்தது பெரும்பாலும் கோடையில், மே நடுவில் மழை பிடித்த பிறகு சேறும் காய்ச்சலும் கொன்றன. தமுவுக்கு இந்தப் பக்கம் மோரேயில் இன்றும் தமிழர்கள் இருக்கிறார்கள். இன்றைய காலக் கதை என்றால் மியான்மரில் வண்டி வலப்பக்கம் ஓடும் என்பதை மறக்காதீர்கள்.

உதவி இயக்குநராக இருக்கிறேன். இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது? (நாகர்கோவில் வாசகர்)

செயற்கைக்கோள் வரைபடத்தில் புறப்படும் இடம், கடக்கும் இடம், சேரும் இடம் மூன்றையும் குறித்துத் தூரத்தை அளக்கவும். நடை வேகம் சமநிலத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர். மலையானால் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி கூட்டவும். இது நெய்ஸ்மித் விதி. 12 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறத்தாழ நான்கு மணி நேரம், குழந்தைகளும் இருட்டும் சேர்ந்தால் ஆறு. வசனத்தில் வரும் நேரம் இதோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள்.

திரையில் எல்லை எந்தப் பக்கம் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஆள் இடமிருந்து வலமாக எல்லையை நோக்கி நடந்தால், படம் முழுக்க அப்படியே நடக்க வேண்டும். நடுவில் ஒரு ஷாட் மாறினாலும் அவர் திரும்பி ஓடுவதாகத் தோன்றும்.

நிலாவுக்குத் தினசரிக் காலண்டரே போதும். முழுநிலவு சூரியன் மறையும்போது எழும், நள்ளிரவில் உச்சிக்கு வரும். வளர்பிறைக் கீற்று மாலையில் மேற்கே தெரிந்து சீக்கிரம் மறைந்துவிடும். நள்ளிரவு எல்லைக் காட்சியில் மூன்றாம் பிறையைத் தொங்கவிடும் பழக்கம் நம் படங்களை இன்னும் விடவில்லை. கடத்தல்காரர்கள் இருட்டைத்தான் தேடுவார்கள். அமாவாசை என்று வசனத்தில் சொல்லிவிட்டு, முகம் தெரிய வேண்டும் என்று வானமெல்லாம் நீல வெளிச்சம் போடாதீர்கள். டார்ச், தீக்குச்சி, கைபேசித் திரை என்று காரணமுள்ள வெளிச்சம் தேடுங்கள்.

நேபாள எல்லையில் நாயகன் மின்வேலிக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறானே? (மார்த்தாண்டம் வாசகர்)

இந்தியனோ நேபாளியோ என்றால் எதற்குத் தோண்டினான் என்று தெரியவில்லை. இரு நாட்டுக்கும் நடுவே 1,751 கிலோமீட்டர் திறந்த எல்லை, இரு நாட்டவருக்கும் விசா வேண்டாம். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரிக்சாவில் போகலாம். கடிகாரத்தை மட்டும் 15 நிமிடம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும்.