தோட்ட வேலைக்கு 1,260 கலோரி போதுமா?

கலோரி கணக்கிடும் மொபைல் ஆப் 1,260 போதும் என்று காட்டியதாகக் கேட்டிருக்கிறீர்கள். அது போதாது. ஏற்காட்டில் நாள் முழுக்கக் காபிப் பழம் பறிக்கும் உங்கள் அம்மாவுக்கு (45 வயது, 150 செ.மீ., 50 கிலோ) தினமும் 1,800 கலோரி அளவுக்காவது வேண்டும். இளைத்துக்கொண்டே போகிறார் என்கிறீர்களே, காரணம் இதுவாக இருக்கலாம்.

அந்த ஆப்பில் 'உட்கார்ந்த வேலை' என்று பதிவாகியிருக்கும், பாருங்கள். படுத்தே இருந்தாலும் அவர் உடம்புக்குச் சுமார் 1,050 தேவை, அதை உட்கார்ந்த வேலைக்கான 1.2 ஆல் பெருக்கித்தான் 1,260 வந்திருக்கிறது. சரிவில் ஏறி இறங்கிப் பறிப்பவருக்கு 1.7 வைப்பதே நியாயம், அப்போது சுமார் 1,800 வரும்.

மதியம் சோறும் பருப்பும் கூட்டுங்கள், கடலை கொடுத்தனுப்புங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை, காலையில், ஒரே மெஷினில் எடை பாருங்கள்.

நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கினால் கணக்கை விட்டுவிட்டு அரசு மருத்துவமனையில் சர்க்கரை, தைராய்டு, காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.