கேம் மேடை – வாசகர் கேள்வி பதில்: கதையை விட்டு விலகி நடந்தவர்கள்

ஆடுபவர் விருப்பம்போல் எங்கும் சுற்றக்கூடிய ஓப்பன் வேர்ல்டு ஃபேன்டஸி கேம்களில் உங்களுக்கு நேர்ந்த மறக்க முடியாத சாகசங்களை எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பனி மூடிய கற்பனை நாடொன்றில் நடக்கும் ஸ்கைரிம் என்ற கேம் பற்றியவை என்பதால் இந்த முறை பதில்களிலும் அந்தப் பனிநாடே அதிகம் இடம் பிடித்துக்கொண்டது. கதை முடிச்சுகள் சில அவிழும். இனிமேல்தான் ஆடப் போகிறேன் என்பவர்கள் பார்த்துப் படிக்கவும்.

கே: கல்லூரியில் படிக்கும் என் மகன் இரண்டு வருடமாக ஸ்கைரிம் ஆடுகிறான். முடித்துவிட்டாயா என்று கேட்டால், கதையையே இன்னும் ஆரம்பிக்கவில்லை என்கிறான். என்னைக் கேலி செய்கிறானா? – ஒரு தந்தை, திருச்சி

ப: உண்மையைத்தான் சொல்கிறார். பெதஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்ட இந்த கேமில், ஆடுபவர் கைகள் கட்டப்பட்ட கைதியாகக் குதிரை வண்டியில் ஹெல்கென் என்ற ஊருக்குக் கொண்டுவரப்படுகிறார். வெட்டுமேடையில் அவர் தலையைச் சாய்த்த கணத்தில் டிராகன் ஒன்று இறங்கி ஊரையே எரிக்கிறது. அந்தக் குழப்பத்தில் தப்பி, குகை வழியாக வெளியே வந்ததும் கேம் அவரை அவர் போக்கில் விட்டுவிடுகிறது. கூடவே தப்பி வந்தவர் ரிவர்வுட் கிராமத்துக்குப் போகலாம் என்பார். அதைக் கேட்காமல் எதிர்த்திசையில் நடந்தாலும் தடுக்க ஆளில்லை. ஒயிட்ரன் நகரத் தலைவர் பால்குரூஃபிடம் சேதி சொல்லி, ஊருக்கு மேற்கே உள்ள காவற்கோபுரத்தில் முதல் டிராகனை வீழ்த்தும் வரை, மற்ற டிராகன்கள் வானத்தில் வட்டமிடத் தொடங்குவதே இல்லை. அந்த வேலையைத் தள்ளிப்போட்டவர், டிராகன் தொல்லை இல்லாத நாட்டில் மூலிகை பறித்து, மருந்து காய்ச்சி விற்று, கல்யாணமும் செய்துகொண்டு காலம் தள்ளலாம். உங்கள் மகன் அந்த ரகமாக இருக்கக்கூடும்.

கே: ஒயிட்ரன் பக்கத்தில் ஒரு ராட்சதனிடம் வாலாட்டினேன். கதாயுதத்தால் ஒரே அடி; என் வீரன் மேகத்தைத் தாண்டிப் பறந்தான். இதை கேமின் கோளாறு என்கிறான் என் நண்பன். சரியா? – மாணவர், கோவை

ப: சரிதான், ஆனால் தெரிந்தே விட்டுவைக்கப்பட்ட கோளாறு. கேமில் ஒருவர் செத்ததும் அவர் உடல், விசை பட்ட பக்கம் விழும் துணிப்பொம்மையாகிவிடுகிறது. ராட்சதனின் அடி, தாங்கும் அளவைவிட வெகு அதிகம் என்பதால் அந்த விசை முழுவதும் உடலை மேல்நோக்கித் தூக்கி எறிகிறது. தயாரிப்பாளர்கள் இதைக் கண்டபோது, வேடிக்கையாக இருக்கிறதே என்று திருத்தாமல் விட்டார்கள். நீங்கள் சீண்டாமல் இருந்திருந்தால் அவரும் சும்மா இருந்திருப்பார். மாமத யானைகளை மேய்த்து, அவற்றின் பாலில் பாலாடைக்கட்டி செய்து, தன் நெருப்பருகே கிடப்பவர் அவர். நெருங்கி வருபவரை முதலில் கதாயுதத்தை ஓங்கி எச்சரிப்பார். அந்த நேரத்தில் பின்வாங்கிவிட்டால் பிழைத்தீர்கள்.

கே: திருடி மாட்டிக்கொண்டாலோ சண்டையில் தோற்றாலோ உடனே பழைய சேவுக்கு (முன்பு சேமித்து வைத்த இடத்துக்கு) திரும்பிவிடுகிறேன். ஆனாலும் நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி எனக்கு ஒன்றுமே நடப்பதில்லை. ஏன்? – வாசகி, யாழ்ப்பாணம்

ப: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். தோல்வியை அழித்துக்கொண்டே போனால், மிஞ்சுவது கேம் போட்டுக்கொடுத்த நேர்ப்பாதை மட்டும்தான். அந்தப் பாதையில் எல்லோரும்தான் போயிருக்கிறார்கள்.

மார்கார்த் நகரத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். கல்லைக் குடைந்து கட்டிய அந்த ஊரின் வாசலைத் தாண்டியதுமே, சந்தையில் ஒருவன் கத்தியை உருவி ஒரு பெண்மேல் பாய்வதைக் காண்பீர்கள். சற்று நேரத்தில் எல்ட்ரிஸ் என்ற இளைஞன் உங்கள் கையில் ஒரு சீட்டைத் திணித்துவிட்டு, டாலோஸ் கோயிலுக்கு வரச் சொல்வான். அவன் கேட்டபடி நகரத்தில் துப்புத் துலக்கி, பணக்காரக் குடும்பமும் சிறையில் இருக்கும் கிளர்ச்சித் தலைவனும் எப்படிக் கைகோத்திருக்கிறார்கள் என்று கண்டறிந்து கோயிலுக்குத் திரும்பினால், எல்ட்ரிஸ் பிணமாகக் கிடப்பான். காவலர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். இங்கேதான் பலர் சேவுக்குத் தாவுகிறார்கள். தாவாமல் விலங்குக்குக் கையை நீட்டுங்கள். ஆயுதம், கவசம், காசு எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு, கந்தல் துணியோடு உங்களை சித்னா சுரங்கத்தில் தள்ளுவார்கள். வெள்ளி வெட்டும் அந்தச் சிறையின் உள்ளறையில் அந்தக் கிளர்ச்சித் தலைவன், மடனாக் என்ற கிழவர், உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டே நகரத்தில் கொலைகளை நடத்திக்கொண்டிருக்கிறார். அவரோடு சேர்ந்து தப்புவதா, அவரைக் கொன்று தப்புவதா என்று முடிவு செய்ய வேண்டியவர், அதுவரை சேர்த்த வாளும் கவசமும் கையில் இல்லாத நீங்கள். என் கணக்கில் ஸ்கைரிமின் பெரிய டிராகன் போர் எதுவும் இந்தச் சிறைவாசத்துக்கு ஈடில்லை.

கே: உங்களை மிகவும் பாதித்த சாகசம் எது? வீரம் காட்டியதாக இல்லாமல் மனதில் நின்றதாகச் சொல்லுங்கள். – ஆசிரியை, தஞ்சாவூர்

ப: வின்டர்ஹோல்டுக்கு மேற்கே, வடகடலைப் பார்த்தபடி நிற்கும் ஃப்ராஸ்ட்ஃப்ளோ கலங்கரை விளக்கம். அங்கே போகும்படி யாரும் சொல்லவில்லை. பனிப்புயலில் ஒதுங்க ஓர் இடம் தேடியபோது தூரத்தில் தெரிந்தது, அவ்வளவுதான். கதவைத் திறந்தால் தரையில் ஒரு பெண்ணின் உடல். சுற்றிலும் நாட்குறிப்புகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தால்தான் கதை துலங்குகிறது. ஹாப்த் என்ற பழைய கடலோடி, தன் மனைவி ரமாதியையும் மகன் மானியையும் மகள் சூதியையும் அழைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி வாழ வேண்டும் என்ற ஆசையில் இங்கே குடிவந்திருக்கிறார். அடித்தளத்தில் ஏதோ பிராண்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. அது எலிகளின் சத்தமல்ல என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

கீழே இறங்கினால், நிலவறைச் சுவரை உடைத்துக்கொண்டு வந்த ஃபால்மர்களின் குகை விரிகிறது. பார்வையிழந்து நிலத்தடியிலேயே வாழும் அந்த இனத்தாரையும் அவர்கள் வளர்க்கும் ராட்சதப் பூச்சிகளையும் தாண்டி, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று அறிந்துகொண்டே போகிறோம். யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. நாம் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியில் நிற்கும் பெரிய பூச்சியைக் கொன்று அதன் உடலைச் சோதித்தால் உள்ளே ஹாப்தின் எச்சங்கள் கிடைக்கின்றன. தான் இறந்தால் இந்த விளக்கின் நெருப்பிலேயே எரிக்க வேண்டும், அங்கிருந்து எப்போதும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்ற அவருடைய விருப்பத்தைப் படித்த நினைவு இருந்தால், படியேறி உச்சிக்குப் போய் அந்த எச்சங்களை நெருப்பில் சேர்க்கலாம். அப்படிச் செய்தவருக்குக் குணப்படுத்தும் மந்திரங்கள் 10 சதவீதம் கூடுதலாகப் பலிக்கும்.

அந்த 10 சதவீதம் எனக்குப் பொருட்டில்லை. பணிப் பட்டியலில் இது ஒரு வரியாகக்கூட ஏறவில்லை, மேப்பில் அம்புக்குறி இல்லை. படிக்காமல் போனவருக்கு இது பிணங்கள் கிடக்கும் இன்னொரு குகை, அவ்வளவே. ஆடுபவர் படிப்பார், நினைவில் வைத்திருப்பார், கேட்காமலே செய்வார் என்று கேமை எழுதியவர் நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கைதான் என்னைத் தொட்டது.

கே: கடைக்காரர் தலையில் கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கடையையே காலி செய்யலாமாமே? – வாசகர், சேலம்

ப: செய்யலாம். திருட்டு நடந்ததா என்பதை அவர் கண்ணுக்கும் உங்களுக்கும் இடையே மறைப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் கேம் தீர்மானிக்கிறது. தலையில் கூடை ஏறியது பற்றி அவர் ஒன்றும் கேட்க மாட்டார்.

கே: எனக்கு வயது 61. பேரனின் கம்ப்யூட்டரில் இதை ஆட ஆசை. வீட்டில் சிரிக்கிறார்கள். – வாசகி, கும்பகோணம்

ப: 1936இல் பிறந்த அமெரிக்கப் பாட்டி ஷெர்லி கரி, தான் ஸ்கைரிம் ஆடுவதை யூடியூபில் வெளியிட்டே உலகப் புகழ் பெற்றவர். ஸ்கைரிம் இடம்பெறும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் ஆறாவது கேமில் அவரை ஒரு கதாபாத்திரமாகச் சேர்க்கப்போவதாக பெதஸ்டா 2019இல் அறிவித்தது. சிரிப்பவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு, கடினநிலையைக் குறைத்து வைத்து ஆரம்பியுங்கள் அம்மா.

கே: ஸ்கைரிமைத் தவிர வேறு எந்த கேமில் இப்படிப்பட்ட எதிர்பாராத சாகசங்கள் கிடைக்கும்? – வாசகர், சிங்கப்பூர்

ப: 2022இல் வந்த எல்டன் ரிங்கில், ஆரம்பப் பகுதியான லிம்கிரேவின் ஏரிக்கரையில் எரிந்த இடிபாடு ஒன்று உண்டு. அதன் நிலவறையில் உள்ள பெட்டியைத் திறந்தால் புகை கிளம்பி, உங்களைக் கெய்லிட் பகுதியின் படிகச் சுரங்கத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். சுரங்கத்தை விட்டு வெளியேறும் வரை மேப் வழியாகத் தாவித் தப்பவும் முடியாது. வெளியே வந்தால் சிவந்த வானமும், உங்களால் ஒரு அடிகூடத் தாங்க முடியாத ஜந்துக்களும்.

ஆனால் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டால், 2002இல் வந்த மாரோவின்டைத்தான் சொல்வேன். அதே எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் ஸ்கைரிமுக்கு இரண்டு தலைமுறை மூத்தது. படங்கள் கரடுமுரடாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். போகும் வழியைக் காட்டும் அம்புக்குறி அதில் கிடையாது. பாலத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பு என்பதுபோல் வாயால் சொன்னதைக் குறிப்பேட்டில் பார்த்துத்தான் போக வேண்டும். முதல் ஊரான சேடா நீனை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்ததும் மேலே ஓர் அலறல் கேட்கும். மந்திரவாதி ஒருவர் வானத்திலிருந்து உங்கள் முன்னால் விழுந்து சாவார். அவருடைய பையில் மூன்று மந்திரச் சுருள்கள் இருக்கும். ஒன்றைப் பிரித்துவிட்டுக் குதித்தால், தாவும் திறன் 7 விநாடிக்கு 1000 புள்ளி கூடி, மலைகளுக்கு மேலே போய்விடுவீர்கள். கீழே வருவதற்குள் அந்த 7 விநாடி முடிந்துவிடும் என்பதைத்தான் அந்த மந்திரவாதி கணக்கில் எடுக்கவில்லை. நீங்கள் பயன்படுத்துவதானால், தரை நெருங்கும்போது இரண்டாவது சுருளைக் காற்றிலேயே பிரித்துவிடுங்கள், அல்லது கடல் பக்கம் பார்த்துக் குதியுங்கள்.