கச்சான் ஏன் சுடுகிறது?

வணக்கம் ஐயா,

மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவள் நான். கலியாணம் முடித்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து நான்கு வருடமாகிறது. ஜூன் மாதத்தில் இங்கே குடை இல்லாமல் வெளியே இறங்க முடியாது. அம்மாவுக்குப் போன் எடுத்தால், "கச்சான் அடிக்குது பிள்ளை, உதடெல்லாம் வெடிச்சுப் போச்சு" என்கிறார். இங்கே மழை கொண்டுவருவதும் அங்கே கச்சான் என்று அடிப்பதும் ஒரே தென்மேற்குக் காற்றுதான், மலை மழையைத் தடுத்துவிடுகிறது என்று பள்ளியில் படித்தோம். மழை வராதது சரி. காற்று ஏன் சுடவேண்டும்? நம்முடைய மலை இமயமலை மாதிரி 8,000 மீற்றர் இல்லையே. 2,500 மீற்றர் மலைக்கு இவ்வளவு சக்தியா?

ம., வெள்ளவத்தை

அன்புள்ள ம.,

"ஏன் சுடவேண்டும்" என்று கேட்டீர்களே, பாடப்புத்தகம் விட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். மலையை ஒரு மதில் போலக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் மலை ஏறி இறங்கிய காற்று, ஏறுவதற்கு முன்பிருந்த காற்றாக இருப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொழும்புக் கரையில் காற்று 28 பாகை செல்சியஸ் என்று வையுங்கள். மேலே ஏறும் காற்று விரியும், விரிந்தால் குளிரும். கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை. 500 மீற்றரில் 23 பாகை ஆகிறது. அங்கே ஈரம் தாங்காமல் மேகம் கட்டத் தொடங்குகிறது என்று கொள்வோம். நீராவி தண்ணீராகும்போது, கடலில் அது ஆவியாக வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் அதற்கு மேல் காற்று மெதுவாகத்தான் குளிரும், கிலோமீற்றருக்கு 5 பாகை அளவில். 2,000 மீற்றர் உயரத்தில் 15.5 பாகை. மழை மேற்குச் சரிவிலுள்ள வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் கொட்டித் தீர்ந்துவிட்டது. இனி இறங்கும் காற்றில் மேகம் இல்லை. அது கிலோமீற்றருக்கு 10 பாகை வீதம் சூடாகிக்கொண்டே வரும். கிழக்குச் சமவெளியைத் தொடும்போது 35.5 பாகை. தண்ணீரை மேற்கே விட்டுவிட்டு, அந்தத் தண்ணீரின் வெப்பத்தை மட்டும் சுமந்துகொண்டு வருகிறது காற்று. உங்கள் அம்மாவின் உதட்டை வெடிக்க வைப்பது அந்த வெப்பமும் வறட்சியும்தான். உண்மையில் எல்லா மழையும் ஒரே பக்கத்தில் விழுந்துவிடாது, வழியில் காற்று கலக்கும், தரையும் வெயிலில் காயும். ஆனாலும் அடிப்படை இதுதான்.

இதைப் பழந்தமிழர் சொல்லிலேயே பார்க்கலாம். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவதற்குப் பெயர் கோடை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அதே மேல்காற்றுதான் மழைக்காலம். மலைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் அதற்கு வெயில் காலத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். எனக்கு இதைவிடத் துல்லியமான வானிலைக் குறிப்பு வேண்டியதில்லை.

அப்புறம் உயரம். வளிமண்டலத்து நீராவியில் ஏறத்தாழப் பாதி, முதல் இரண்டு கிலோமீற்றருக்குள்ளேயே இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பேதுருதாலகாலை 2,524 மீற்றர். ஈரக்காற்றின் கனமான பகுதியை மறிக்க அது போதும். வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது, கொழும்பில் சுமார் 2,400. மலைக்கு அந்தப் பக்கம், கிழக்குச் சரிவிலுள்ள ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று. கொழுந்து மெதுவாக வளர்ந்து வாசம் ஏறுவது அப்போதுதான். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த பருவம் அது. கொழுந்து குறைந்தால் பறிப்பவர்களின் கிலோவும் குறையும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இமயமும் திபெத்தும் செய்வது வேறு அளவிலான வேலை. திபெத் பீடபூமி சராசரியாக 4,500 மீற்றர் உயரம், 25 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்பு. கோடையில் அந்தத் தரை சூடேறி, உயரத்துக் காற்றையே சூடாக்குகிறது, அதுதான் பருவமழையை இழுக்கிறது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2010இல் பூஸ், குவாங் என்ற இரு ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் பீடபூமியை எடுத்துவிட்டு இமயத்தை மட்டும் ஒரு சுவராக நிறுத்திப் பார்த்தார்கள். தெற்காசியப் பருவமழை பெரிதாகக் குறையவில்லை. வடக்கின் குளிர்ந்த வறண்ட காற்று நம் பக்கத்து ஈரக்காற்றோடு கலக்காமல் மறிப்பதுதான் முக்கியம் என்றார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. எனக்கு அந்தச் சுவர் விளக்கம்தான் நெருக்கமாகப் படுகிறது.

இன்னொன்று. மலை ஒரு பக்கத்துக்கே ஓரவஞ்சனை செய்வதில்லை. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வரும்போது நனைவது உங்கள் ஊர். ஜனவரி, பெப்ரவரியில் காலிமுகத்திடலில் வானம் அப்படி நீலமாகக் கிடக்கிறதே, அப்போது மலையின் மறைவில் நிற்பது நாங்கள். மேற்கு மலையில் பெய்ததில் ஒரு பங்கையும் மகாவலி சுற்றிக் கொண்டுபோய்க் கிழக்கே கொடுக்கிறது. 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைப் பக்கம் கடலில் சேர்கிறது.

அடுத்த ஜூலையில் ஊருக்குப் போகும்போது வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு, கொழும்புக் கோட்டை நிலையத்தில் பதுளை ரயிலில் ஏறுங்கள். ஹட்டன் வரை சன்னலைச் சாத்தித்தான் வைக்கவேண்டியிருக்கும். பட்டிப்பொல ஏறத்தாழ 1,900 மீற்றர். நான் போன அன்று அங்கே பனிமூட்டத்தில் மேடைகூடத் தெரியவில்லை. சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தோம், வெயில். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா சால்வையைக் கழற்றி மடித்து வைத்தார். பதுளையில் இறங்கி, பிபிலை, மகாஓயா வழியாக மட்டக்களப்புக்குப் பக்கத்துச் செங்கலடிக்குப் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். காற்று உங்கள் வீட்டுக்குப் போகும் வழியும் ஏறத்தாழ அதுதான்.