கறவை மாடு: வாசகர் கேள்வி

கேள்வி: கல்லல் அருகே மூன்று கறவை மாடுகள் வைத்துச் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றி வருகிறோம். கடன் வாங்கி மேலும் ஐந்து மாடுகள் பிடித்து, காரைக்குடியில் வீடுகளுக்கு நேரடியாக விற்கலாமா?

பதில்: தாராளமாக விற்கலாம், ஆனால் ஐந்தையும் ஒரே நேரத்தில் பிடிக்காதீர்கள். ஒரே பருவத்தில் ஈன்ற மாடுகள் ஒரே பருவத்தில்தான் வற்றும். அடுத்த ஈற்றுக்கு முந்தைய 60 நாள்கள் கறவையை நிறுத்தியாக வேண்டும் என்பதால், அந்நாள்களில் வாடிக்கை வீடுகளுக்குப் பால் இல்லாமல் போகும். சில மாத இடைவெளி விட்டு இரண்டிரண்டாக வாங்குங்கள்.

மாடு வாங்குமுன் தீவனம் தயாராக வேண்டும். கண்மாயை நம்பிய செம்மண் பூமி உங்களுடையது. கிணற்று நீர் எட்டும் துண்டு நிலத்தில் கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல்லின் கரணைகளை (தண்டுத் துண்டுகளை) இப்போதே ஊன்றினால், சுமார் 75 நாள்களில் முதல் அறுப்பும், பின்னர் 45 நாள்களுக்கு ஓர் அறுப்பும் கிடைக்கும். வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தை ஒருபோதும் மேயவிடாதீர்கள்; அதிலுள்ள நச்சு மாட்டின் உயிரையே பறித்துவிடும்.

கறக்குமுன் மடியைக் கழுவித் துடைத்து, முதல் பீச்சுப் பாலைக் கருநிறக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக இருந்தால் அது மடிநோய், அந்தப் பாலை விற்கவே கூடாது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் அவசியம். சங்க உறுப்பினர் பொறுப்பை விட்டுவிடாதீர்கள். விடுமுறையில் வீடுகள் பூட்டிக் கிடக்கையில் மிஞ்சும் பாலை அங்கேதான் ஊற்ற முடியும்.