உயரம் 164 செ.மீ., மணப்பெண் இலங்கைத் தமிழர்: அரசு வேலை கிடைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 25, பி.சி. பிரிவு, உயரம் 164 செ.மீ. போலீஸ் எஸ்.ஐ. ஆக ஆசை. கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் 2003-ல் பிறந்த இலங்கைத் தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்ய இருக்கிறேன். அவர் என்னைவிட உயரம். இந்தத் திருமணத்தால் அரசு வேலை கிடைக்காது என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: உயரத்தை முதலில் முடித்துவிடுவோம். தமிழ்நாட்டில் எஸ்.ஐ. வேலைக்கு பி.சி. ஆண்கள் 170 செ.மீ. இருக்க வேண்டும். உங்களுக்கு அது நடக்காது. "அளக்கிற இடத்தில் நம்ம ஆள் இருக்கிறார்" என்று வருகிறவனிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உயரம் கூட்டும் பவுடரும் வீண். இந்த வயதில் எலும்பு இனி நீளாது. வனக்காப்பாளருக்கு 163 செ.மீ. போதும். குரூப் 2, குரூப் 4-ல் பெரும்பாலான பதவிகளுக்கு உயரக் கணக்கே கிடையாது, ஐ.ஏ.எஸ்.ஸுக்கும் இல்லை. பெண் உயரமாக இருப்பது சட்டத்துக்கு ஒரு விஷயமே அல்ல.

சரி, பெண்ணின் நாடு. வெளிநாட்டவரை மணந்ததற்காகச் சாதாரண அரசு வேலை பறிபோகாது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள்கூட, உடனே தெரிவிக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. தெரிவியுங்கள், மறைக்காதீர்கள். சிறப்புத் திருமணச் சட்டமும் குடியுரிமை கேட்பதில்லை.

சிக்கல் கல்யாணத்துக்கு அப்புறம்தான். தாலி கட்டியதும் அவர் இந்தியர் ஆகிவிடமாட்டார். குடிமகனை மணந்தவர் இங்கே 7 ஆண்டு வசித்தபின் விண்ணப்பிக்கலாம். ஆனால் 'சட்டவிரோதக் குடியேறி' என்று முத்திரை குத்தினால் அதுவும் முடியாது. உரிய ஆவணம் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த, அல்லது ஆவணத்தோடு நுழைந்து அனுமதிக் காலம் தாண்டித் தங்கிய வெளிநாட்டவர் என்பதுதான் அதற்குப் பொருள். கும்மிடிப்பூண்டியில் பிறந்த பெண் எந்தக் கடலைத் தாண்டி நுழைந்தார்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே கோப்பை ஆண்டுக்கணக்கில் தூங்கவைக்கிறார்கள். 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்திலும் இலங்கையைச் சேர்க்கவில்லை. இந்த முத்திரை நாளை உங்கள் குழந்தையின் குடியுரிமையையும் தொடும்.

இந்த இடத்தில்தான் தரகர்கள் வருகிறார்கள். ஆதார் இருக்கிறது, பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்பார்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்று அல்ல. பொய்த் தகவல் கொடுத்து பாஸ்போர்ட் வாங்குவது குற்றம். மாட்டப்போவது அந்தப் பெண், தரகர் அல்ல. அரசு வேலைக்குப் போகிற நீங்களும் உடந்தை ஆவீர்கள்.

ஒரு விஷயத்தைப் பொறுமையாகப் பாருங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1983 கலவரத்துக்குப் பின் அகதிகள் வரத் தொடங்கினார்கள். பெண்ணின் அம்மாவோ அப்பாவோ 1984, 85, 86-ல் மண்டபம் அகதி முகாமில் பிறந்திருந்தால் அந்தப் பெற்றோர் இந்தியர். 1987 ஜூலை 1-க்கும் 2004 டிசம்பர் 3-க்கும் இடையில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றால் போதும். அப்படி என்றால் 2003-ல் பிறந்த உங்கள் மணப்பெண்ணும் பிறப்பாலேயே இந்தியர்! அவர் விண்ணப்பித்துக் கேட்க வேண்டியதே இல்லை, ஏற்கெனவே இருப்பதை நிரூபித்தால் போதும். முகாம் அட்டையில் 'இலங்கை' என்று எழுதியிருப்பது இந்த உரிமையை அழிக்காது. இதைச் சொல்ல எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லை, கேட்டால்தான் வாய் திறப்பார்கள்.

எனவே, தம்பி, பெண்ணின் பெற்றோர் எங்கே, எந்தத் தேதியில் பிறந்தார்கள் என்று இந்த வாரமே கேளுங்கள். இந்தியாவில் என்றால் பிறப்புச் சான்றிதழை எடுங்கள். பதிவாகாமல் விட்டிருந்தால் கோட்டாட்சியரிடம் காலதாமதப் பதிவுக்கு மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.