ரெண்டாவது டம்ளர் காபி

கேள்வி: அப்பா தவறி அஞ்சு மாசம் ஆச்சு. அம்மாவ எங்ககூடவே கூட்டிட்டு வந்துட்டோம். ஒரு வேலையும் செய்ய விடுறதில்ல, சமையலுக்கும் ஆள் இருக்கு. ஆனா நாள் பூரா டிவி முன்னாடி உக்காந்திருக்காங்க, என்ன ஓடுதுன்னு கேட்டா தெரியல. கோயில், பார்க்னு கூப்ட்டாலும் வர்றதில்ல. என்ன பண்றது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நல்லது பண்றோம்னு நினைச்சு இருந்த வேலையையும் புடுங்கிட்டீங்க போலயே. கோவிச்சுக்காதீங்க, எங்க வீட்லயும் இதே கூத்துதான். மாமனார் போனப்புறம் அத்தைய "நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க"ன்னு சொல்லியே சோபாவோட ஒட்ட வச்சுட்டோம். ஒருநாள் சமையல்காரக்கா லீவு, நான் போட்ட டிகாஷன் வெறும் தண்ணி, அத்தை எந்திரிச்சு வந்து ஒண்ணும் பேசாம ஃபில்டர கழுவி, பொடிய போட்டு லேசா அமுக்கி, வெந்நி ஊத்தி, கடைசில காபிய ரெண்டு டம்ளர்ல ஆத்திட்டாங்க. அப்புறம்தான் உறைச்சுச்சு போல, அப்படியே நின்னுட்டாங்க. அந்த ரெண்டாவது டம்ளர நான் எடுத்துக் குடிச்சேன். அன்னிக்குதான் முதமுதலா மாமாவ பத்தி வாய் தொறந்தாங்க, அவருக்கு சக்கரை எவ்வளவுன்னு ஆரம்பிச்சு ஒரு மணி நேரம்.

அதனால "பொழுதுபோக்கா ஏதாவது பண்ணுங்கம்மா"ன்னு மட்டும் சொல்லாதீங்க, எரிச்சல்தான் வரும். அவங்க இல்லாட்டி நடக்காத வேலையா குடுங்க. சாம்பார் பொடிக்கு மல்லி எவ்வளவு, மிளகா எவ்வளவுன்னு கேட்டு பக்கத்துலயே உக்காந்து வறுங்க, பேத்திக்கு தலை பின்னி விடச் சொல்லுங்க. அப்பா வச்ச செடி பழைய வீட்ல இருந்தா தொட்டியோட தூக்கிட்டு வந்துருங்க. மாசாமாசம் திதி குடுக்குற வீடுன்னா அன்னிக்கு அவருக்கு பிடிச்சத அம்மாவே செய்யட்டும். ஒருநாள் செய்வாங்க, மறுநாள் போட்டது போட்டபடி படுத்துப்பாங்க, விட்ருங்க. ஸ்ட்ரோப், ஷூட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999லயே இதத்தான் சொன்னாங்க, இழப்ப நினைச்சு அழறதும் அன்றாட வேலைல இறங்குறதும் மாறி மாறித்தான் வருமாம், ரெண்டும் வேணுமாம். அதனால வதக்கும்போது அழுதாங்கன்னா கரண்டிய வாங்காதீங்க, அழுதுட்டே வதக்கட்டும்.

சாப்பாடு, தூக்கம் சுத்தமா போச்சு, இல்ல "நானும் போயிடறேன்"னு பேசறாங்கன்னா இதெல்லாம் போதாது, உடனே டாக்டர்ட்ட கூட்டிட்டு போங்க. அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கும் போன் பண்ணலாம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

ஆங், உங்க வீட்டு சமையல்காரம்மாவுக்கு வாரத்துல ரெண்டு நாள் லீவு குடுத்துப் பாருங்க. சம்பளத்துல புடிச்சுறாதீங்க!